கேம் கன்சோலா, ப்ளூ-ரே ப்ளேயரா? கல்யாண சிடி-யைக் கையில் வெச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க!

பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் ஏலகிரி. அங்கே அத்தனாவூர் பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார் நண்பர் ஒருவர். சனி, ஞாயிறு ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், பெங்களூரு என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மழை பிடித்துக்கொண்டால் புங்கனூர் ஏரியில் படகு சவாரியும் போக முடியாது. எல்லோரும் ஹாலில் இருக்கும் பெரிய டிவி முன்னால் உட்கார, இன்டர்நெட் சுத்திக்கிட்டே இருக்கும்.

போன வாரம் போன் பண்ணினார். “அண்ணே, துபாய்ல இருக்கிற தம்பி ஒரு பெட்டி நிறைய டிஸ்க் கொண்டுவந்து கொடுத்திருக்கான். எங்க கல்யாண சிடி வேற சும்மா கிடக்கு. ப்ளேஸ்டேஷன் வாங்கினா கேமும் ஆடலாம், படமும் பார்க்கலாம்னு பையன் சொல்றான். வாங்கிடட்டுமா, இல்ல ப்ளேயரே போதுமா?”

நிறைய வீடுகளில் ஓடும் கேள்விதான் இது. பதில் கடையில் இல்லை, உங்கள் அலமாரியில் இருக்கிறது.

‘கன்சோல் வாங்கினா ப்ளேயர் இலவசம்’ - யார் சொன்னது?

ஒரு காலத்தில் இது உண்மை. 2006-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ப்ளூ-ரே ப்ளேயரின் விலை சுமார் 1,000 டாலர். அதே ஆண்டு வந்த ப்ளேஸ்டேஷன் 3, ப்ளூ-ரேயும் ஓட்டியது; விலையோ 499 டாலரில் தொடங்கியது. படம் பார்ப்பதற்காகவே கன்சோல் வாங்கியவர்கள் உண்டு. போட்டியாக இருந்த ஹெச்டி டிவிடி-யை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று கதை வேறு. டிஸ்க் டிரைவே இல்லாத கன்சோல்கள் வந்துவிட்டன. ப்ளேஸ்டேஷன் 5-ல் டிஜிட்டல் எடிஷன், எக்ஸ்பாக்ஸில் சீரிஸ் எஸ், இரண்டிலும் டிஸ்க் போட இடமே கிடையாது. 2024-ல் இந்தியாவுக்கு வந்த ப்ளேஸ்டேஷன் 5 ஸ்லிம் மாடலின் அறிமுக விலை, டிஸ்க்கோடு 54,990 ரூபாய். டிஸ்க் இல்லாமல் 44,990 ரூபாய். ‘பத்தாயிரம் மிச்சம்’ என்று டிஜிட்டல் எடிஷனைத் தூக்கிக்கொண்டு வந்தால், தம்பி கொடுத்த பெட்டி அப்படியே கிடக்கும்.

எந்த டிஸ்க் எதில் ஓடும்?

டிவிடி, ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே மூன்றும் டிஸ்க் டிரைவ் உள்ள ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஓடும். சிக்கல் பழைய சிடி-யில்தான். ப்ளேஸ்டேஷன் 4, 5 இரண்டுமே பாட்டு சிடி-யைக்கூடப் படிக்காது. நம் வீடுகளில் ‘கல்யாண சிடி’ என்று சொல்வது பெரும்பாலும் விசிடி. 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று மோசர் பேயர் தமிழ்ப் படங்களை விற்ற காலம் நினைவிருக்கிறதா? அந்த விசிடி-க்களுக்கும் இதே கதிதான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பாட்டு சிடி-யை ஓட்டும், விசிடி-யை ஓட்டாது.

தனி ப்ளேயர்களிலும் எல்லா மாடலும் விசிடி-யை ஏற்காது. மாடலின் விவரப் பக்கத்தில் ‘விசிடி’ அல்லது ‘வீடியோ சிடி’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

துபாய் டிஸ்க் இங்கே ஓடுமா?

தோல் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வெளிநாடு போய்வரும் குடும்பங்கள் நம் பகுதியில் அதிகம். வரும்போது டிஸ்க் வாங்கி வருகிறவர்கள் ‘ரீஜன்’ என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரேயில் இந்தியாவுக்கு ‘சி’, வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் ‘பி’, அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ‘ஏ’. டிவிடி-யிலும் இப்படி எண்கள் உண்டு: இந்தியா 5, துபாய் 2. ரீஜன் பூட்டுப் போட்ட டிஸ்க் வேறு ரீஜன் மெஷினில் ஓடாது. அது கன்சோலானாலும் சரி, ப்ளேயரானாலும் சரி. 4கே ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. அதனால் பெட்டியின் பின்பக்கத்தை முதலில் திருப்பிப் பாருங்கள்.

படம் எதில் நன்றாக இருக்கும்?

டிவிடி-யின் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி, 4கே ப்ளூ-ரே டிஸ்க்கில் 100 ஜிபி வரை பிடிக்கும். ஓடிடி-யில் 4கே பார்க்க 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். 4கே டிஸ்க்கிலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியும் தகவல் வரும், இன்டர்நெட்டே வேண்டாம். மலையில் இது பெரிய விஷயம்.

ஒரே டிஸ்க்கை கன்சோலிலும் ப்ளேயரிலும் போட்டால் பெரும்பாலானோருக்கு வித்தியாசம் தெரியாது. ‘டால்பி விஷன்’ உள்ள டிவி-யாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். டிஸ்க்கில் இருக்கும் டால்பி விஷனை இந்த இரண்டு கன்சோல்களும் காட்டாது. அந்த வசதியுள்ள 4கே ப்ளேயர் காட்டும்.

கரன்ட், இன்வெர்ட்டர், இன்டர்நெட்

டிஸ்க் ப்ளேயருக்குப் பொதுவாக 20, 30 வாட் போதும். கன்சோல் படம் ஓட்டும்போதே அதைவிடப் பல வாட் கூடுதலாக இழுக்கும். கேம் ஆடினால் 200 வாட் வரை போகும். அடிக்கடி இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டில் இந்தக் கணக்கு முக்கியம். கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று கரன்ட் போவதும் நல்லதல்ல.

இன்னொன்று, எக்ஸ்பாக்ஸில் டிஸ்க் படம் பார்க்க முதலில் ஒரு ஆப் இறக்க வேண்டும். ப்ளேஸ்டேஷன் 5 ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினால், அதை இணைக்க ஒருமுறை இன்டர்நெட் தேவை. சிக்னல் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், இதைக் கீழேயே முடித்துவிட்டு மலையேறுங்கள். ப்ளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. ரிமோட்டை எடுத்து யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வீட்டுப் பாட்டி உட்பட.

அப்போ என்னதான் வாங்குறது?

- வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது யாராவது கேம் ஆடுவார்கள் என்றால், டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல். படம் அதில் கூடுதல் லாபம்.
- யாரும் ஆடப்போவதில்லை, படம் மட்டும்தான் என்றால் ப்ளேயர். அரை லட்சத்தை முடக்கத் தேவையில்லை.
- டிவி சாதாரண ஹெச்டி என்றால் 4கே ப்ளேயருக்கு அவசரம் இல்லை, சாதாரண ப்ளூ-ரே ப்ளேயரே போதும்.
- எதை வாங்கினாலும் பில், வாரன்டி, சர்வீஸ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஓப்போ 2018-லும், சாம்சங் 2019-லும், எல்ஜி 2024 கடைசியிலும் ப்ளூ-ரே ப்ளேயர் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டன. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் ரிப்பேருக்கு எங்கே போவது என்று முதலில் கேளுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்த்தார். பாதிக்கு மேல் டிவிடி, நாலைந்து ப்ளூ-ரேயில் ‘பி’ போட்டிருந்தது. பையன் பெங்களூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், மாதம் ஒருமுறைதான் வருவான். “அப்போ விசிடி ஓடுற ப்ளேயரா பார்த்து வாங்கிக்கறேன்ணே” என்று முடித்துக்கொண்டார்.

அவரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன், உங்களுக்கும் அதுதான். ப்ளேயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாண சிடி-யைத் தள்ளிப்போடாதீர்கள். மலை ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும், கீறல் விழும். சிடி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து, முதலில் அதை பென்டிரைவில் காப்பி எடுங்கள். இன்னொரு காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். சினிமாப் படம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அந்தக் கல்யாணப் பந்தலில் சிரிக்கிற தாத்தா திரும்பக் கிடைக்கமாட்டார்.