அடக்கிப் பிடித்தலும் குழந்தையின் மூச்சும்

ஓய்வாக இருக்கும் வயதுவந்த மனிதன் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 15 தடவை சுவாசிக்கிறான். பத்து வயதுக் குழந்தை சுமார் 20 தடவை சுவாசிக்கிறது. ஒவ்வொரு சுவாசத்திற்கும் இரண்டு அசைவுகள் தேவை. விலா எலும்புகள் மேல்நோக்கியும் வெளிநோக்கியும் எழவேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் கீழே இறங்கவேண்டும். மூக்கும் வாயும் திறந்திருந்தாலும், இவ்விரு அசைவுகளும் தடைப்பட்டால் போதிய காற்று உள்ளே செல்வதில்லை. எளிதில் விளங்கக்கூடிய இவ்வுண்மை மறக்கப்பட்டமையால், மனநலச் சிகிச்சைக்காகவும் நடத்தைச் சீர்திருத்தத்திற்காகவும் விடுதிகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் பலர், தம்மைப் பாதுகாக்க வேண்டியவர்களின் கைகளிலேயே உயிரிழந்திருக்கின்றனர்.

வெளிவந்த உண்மைகள்

இவ்விஷயம் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். கூச்சலிடும் அல்லது கட்டளைக்கு இணங்காத குழந்தையை ஊழியர்கள் தரையில் கிடத்தி, கைகால்களைப் பற்றி, அசையவொட்டாமல் அழுத்திப் பிடிப்பது அங்கே பல விடுதிகளில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1998ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் ‘ஹார்ட்ஃபோர்டு கூரன்ட்’ நாளிதழ், முந்திய பத்தாண்டுகளில் இவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டோ தனியறையில் அடைக்கப்பட்டோ 142 பேர் இறந்தனர் என்பதை வெளியிட்டது. வயது தெரிந்தவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் சிறார். அதுவரை நாடு முழுவதிலும் இம்மரணங்களைக் கணக்கெடுத்து வைத்தவர் எவருமில்லை.

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் 1993 முதல் 2003 வரை விடுதிகளில் நிகழ்ந்த 45 குழந்தை மரணங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 25 மரணங்களுக்கு மூச்சுத்திணறலே காரணமெனக் கூறப்பட்டிருந்தது. அதே ஆராய்ச்சி 2018 வரை நீட்டிக்கப்பட்டபோது மரணங்களின் தொகை 79 ஆயிற்று. பிடித்து அடக்குவதற்குத் தூண்டுதலாயிருந்த செயலும் ஆராயப்பட்டது. அச்செயல் இன்னதென்று அறிய முடிந்த நிகழ்ச்சிகளில், பெரும்பாலும் குழந்தை சொன்ன சொல் கேளாமையே தொடக்கமாக இருந்தது; உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை. 2020ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விடுதியின் உணவறையில் ரொட்டியை எறிந்த சிறுவனை ஊழியர் பலர் சேர்ந்து தரையில் அழுத்திப் பிடித்தனர். இரண்டு நாட்களுக்குப்பின் அவன் இறந்தான். பிடியினால் விளைந்த மூச்சுத்திணறலே காரணமென மருத்துவப் பரிசோதனை காட்டியது.

உடலில் நிகழ்வது

குழந்தை குப்புறக் கிடக்கையில் அதன் முதுகின்மீது முழங்காலையோ முழங்கையையோ ஊன்றினால், மார்புக்கூடு தரைக்கும் பாரத்திற்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. வயிறு நசுங்கி, உதரவிதானம் இறங்க இடமின்றி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. உட்காரவைத்து உடலை முன்புறமாக மடக்கிப் பிடித்தாலும் விளைவு ஏறக்குறைய இதுவே. குழந்தையின் விலா எலும்புகள் வளையும் தன்மை உடையவை. ஆகவே பெரியவருக்குத் தாங்கக்கூடிய பாரம் குழந்தைக்குத் தாங்காது.

இதே வேளையில் உடலின் தேவை பெருகுகிறது. திமிறும் தசைகள் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடுகின்றன. கரியமிலவாயுவும் அமிலமும் இரத்தத்தில் மிகுகின்றன. ஓடி முடித்தவன் பெருமூச்செறிந்து இவ்வமிலத்தைச் சமன்செய்துகொள்கிறான். அழுத்திப் பிடிக்கப்பட்ட குழந்தைக்கோ அவ்வழி அடைபட்டிருக்கிறது. அமிலம் மிகவே இருதயத் துடிப்பு ஒழுங்கிழந்து, இறுதியில் நின்றுவிடக்கூடும். ஆஸ்துமாவும் மிகையான உடற்பருமனும் இவ்வபாயத்தை அதிகமாக்கும். மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் இருதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியவை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தவறாகக் கொள்ளப்படும் அறிகுறிகள்

மூச்சுக்காகத் தவிக்கும் குழந்தை தன் முழு பலத்தோடும் திமிறும். பிடித்திருப்பவருக்கு அது பிடிவாதமாகத் தோன்றுகிறது. ஆகவே பிடி இறுகுகிறது. பிடி இறுக இறுகத் தவிப்பு மிகுகிறது. ‘மூச்சுவிட முடியவில்லை’ என்று குழந்தை கதறினால், ‘பேச முடிகிறதே, ஆகவே மூச்சு இருக்கிறது’ என்று சிலர் கருதுவர். இது முற்றிலும் தவறு. சில சொற்களைக் கூறச் சிறிதளவு காற்றே போதும். உயிரைக் காக்க அது போதாது. கடைசியில் குழந்தை அசைவற்றுக் கிடக்கும்போது, அடங்கிவிட்டது என்று எண்ணிக் காலம் கடத்துவதும் உண்டு. உண்மையில் அது உதவிக்கு விரைய வேண்டிய கடைசித் தருணமாகும். உடனே பிடியை விட்டு, சுவாசத்தையும் நாடியையும் சோதித்து, சுவாசம் நின்றிருப்பின் தாமதமின்றி முதலுதவி அளிக்க வேண்டும்.

பிடிப்பின்றிப் பராமரித்தல்

‘இவ்வாறு பிடிக்காவிடில் விடுதியை நடத்த இயலாது’ என்பது பழைய வாதம். 1839ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஜான் கனோலி என்பார் லண்டனுக்கு அருகிலுள்ள ஹான்வெல் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிவைக்கும் கருவிகளைக் கைவிட்டார். மருத்துவமனை தொடர்ந்து நடைபெற்றது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், குழந்தைகளுக்கான ஒரு மனநோய்ப் பிரிவின் ஊழியர்களுக்குப் புதிய பயிற்சி அளிக்கப்பட்டது. குழந்தை கொந்தளிப்பதற்குக் காரணமாகும் சிக்கலை முன்கூட்டியே கண்டறிந்து, அதனோடு கலந்து பேசித் தீர்வு காண்பதே அப்பயிற்சியின் சாரம். பயிற்சிக்கு முந்திய மாதங்களில் 281 தடவை நிகழ்ந்த அடக்கிப் பிடித்தல், அதற்குப்பின் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஒரே தடவைதான் நிகழ்ந்தது. இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம்

கட்டுண்டவருக்குத் தப்பும் வழியில்லை என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் நேர்ந்த தீவிபத்து நம் நாட்டிற்கு உணர்த்தியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் அதில் மாண்டனர். 2018ஆம் ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடுதலையும் தனிமையில் அடைத்தலையும் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதற்கு, உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநோய் மருத்துவரின் அனுமதியுடன் அது இடந்தருகிறது. இன்றியமையாத காலத்திற்கு மேல் அது நீடிக்கலாகாது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ அதைக் கையாளலாகாது. காரணமும் காலமும் நோயாளியின் குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். அவருடைய பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும்.

சிறார் விஷயத்தில் இச்சட்டம் மேலும் ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. மனநல நிலையத்தில் சிறுவனோ சிறுமியோ தங்கும் காலம் முழுவதும், பெற்றோர் போன்ற பிரதிநிதியோ அவர் நியமிக்கும் உதவியாளரோ உடனிருக்க வேண்டும் என்பதே அது. மேலே கூறிய மரணங்கள் பெரும்பாலும் பெற்றோரின் பார்வைக்கு எட்டாத இடங்களில் நேர்ந்தவை. ஆகவே பெற்றோர் இவ்வுரிமையை விட்டுக்கொடுத்தல் கூடாது. குழந்தை தன்மீது நிகழ்ந்த கொடுமையைக் கூறினால், அதை நோயின் பிதற்றல் என்று தள்ளிவிடாமல் கேட்டு விசாரித்தல் வேண்டும். 1098 என்ற தொலைபேசி எண்ணில் எவரும் முறையிடலாம். ஊழியர்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றே: பிடிக்குள் திமிறும் குழந்தை எதிர்க்கிறது என்று கருதுமுன், அதற்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தல் வேண்டும்.