டேவணியா, இ.எம்.டி-யா, செக்யூரிட்டி டெபாசிட்டா? டெண்டரில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்?

அரசுப் பள்ளிகளுக்கு டெஸ்க், பெஞ்ச் செய்து தர டெண்டர் வந்திருக்கிறது. சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதில் கலந்துகொள்ள நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மர விலை தெரியும், ஆள் கூலி தெரியும், கையில் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கும் தெரியும். ஆனால், டெண்டர் ஆவணத்தைத் திறந்ததும் தடுமாறிவிடுகிறார்.

ஓர் அலுவலகம் 'இ.எம்.டி' கட்டச் சொல்கிறது. இன்னொன்று 'பிணை வைப்புத்தொகை' என்கிறது. குளம் குத்தகை, கடை ஏல அறிவிப்புகளில் 'டேவணித்தொகை' என்று பார்த்த ஞாபகம். வேறோர் இடத்தில் 'செக்யூரிட்டி டெபாசிட்'. எல்லாமே ஒரே பணம்தானா, தனித்தனியா? திரும்ப வருமா, வராதா?

படிக்கத் தெரியாததால் வரும் குழப்பம் அல்ல இது. ஒரே விஷயத்துக்குப் பல பெயர் வைத்ததால் வரும் குழப்பம்.

இரண்டு பணம், ஏழெட்டுப் பெயர்

உண்மையில் இங்கே இருப்பது இரண்டே இரண்டு பணம்தான். முதலாவது, டெண்டரில் கலந்துகொள்ளும் எல்லோரும் கட்டுவது. விலை சொல்லிவிட்டுப் பாதியில் பின்வாங்கினால் இதை அரசு எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, டெண்டர் கிடைத்தவர் மட்டும் கட்டுவது. வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்கான உத்தரவாதம் இது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல், 170-வது விதி முதல் பணத்தைப் பற்றிப் பேசுகிறது. 'பிட் செக்யூரிட்டி' என்று தொடங்கி, 'ஏர்னஸ்ட் மணி என்றும் அழைக்கப்படும்' என்று விதியே இரண்டு பெயரையும் ஒப்புக்கொள்கிறது. பொருளின் மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இதை வாங்கலாம். 20 லட்ச ரூபாய் டெண்டர் என்றால், 40,000 முதல் 1 லட்சம் வரை. டெண்டர் கிடைக்காதவர்களுக்கு, ஒப்பந்தம் முடிவான 30-வது நாளுக்குள் இதைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். குறு, சிறு நிறுவனங்கள் இந்த முதல் பணத்தைக் கட்டவே தேவையில்லை என்று அதே விதி விலக்கு தருகிறது. இரண்டாவது பணமான 'பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி'க்கு இந்த விலக்கு பொருந்தாது.

இப்போது, ஒரு டெண்டரில் வெறுமனே 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று மட்டும் எழுதியிருந்தால்? விலக்கு உண்டா, இல்லையா என்று பட்டறைக்காரருக்கு எப்படித் தெரியும்? விலக்கு இருப்பது தெரியாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டுபவரும் உண்டு. இல்லாத விலக்கை நம்பிக் கட்டாமல் விட்டு, விலையைப் பிரிப்பதற்கு முன்பே நிராகரிக்கப்படுபவரும் உண்டு. பெரிய கம்பெனிக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் இருக்கிறார். பட்டறைக்காரருக்கு அவரேதான் எல்லாம்.

'இதே மாதிரி வேலை' என்றால் எந்த மாதிரி?

பணத்தைத் தாண்டினால் அடுத்த கண்டம், 'சிமிலர் ஒர்க்' அனுபவம். 'இதே மாதிரி வேலை செய்திருக்க வேண்டும்' என்று எழுதிவிடுவது சுலபம். பள்ளிக்கூடம் கட்டியவர் மருத்துவமனை கட்டினால் அது இதே மாதிரி வேலையா? அதை அதிகாரி பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால், வேண்டியவரை உள்ளே விடவும் வேண்டாதவரை வெளியே தள்ளவும் அந்த ஒரு வார்த்தை போதும்.

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-லேயே இதைக் கவனித்துவிட்டது. கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று வேலைகள், அல்லது 50 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று என்று அளவுகோல் தந்தது. கூடவே, எது 'இதே மாதிரி வேலை' என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்றும் சொன்னது.

பிளாக் லிஸ்ட்டா, சஸ்பெண்டா?

'உங்கள் நிறுவனம் பிளாக் லிஸ்ட் செய்யப்பட்டதுண்டா?' டெண்டர் படிவங்களில் வரும் கேள்வி இது. முன்பு ஒரு துறை 'சஸ்பெண்ட்' செய்திருந்தது என்றால் இதற்கு என்ன பதில் எழுதுவது? 'இல்லை' என்று எழுதினால் பொய்யா?

2021 நவம்பரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை இதற்கு ஒரு முடிவு கட்டியது. தடை, சஸ்பென்ஷன், பிளாக் லிஸ்ட் போன்ற சொற்கள் எல்லாம் 'டிபார்மென்ட்' என்ற ஒரே அர்த்தத்தையே தரும் என்று வழிகாட்டுதலில் எழுதிவைத்தது. ஒரே வரிதான். ஆனால், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று வார்த்தையில் ஒளிந்து விளையாட அதன் பிறகு இடமில்லை.

எண் பேசும் மொழி

ஐரோப்பிய ஒன்றியத்தில் 20-க்கும் மேற்பட்ட அலுவல் மொழிகள். ஒரு நாட்டின் டெண்டர் இன்னொரு நாட்டு வியாபாரிக்குப் புரிய வேண்டுமே? 2002-ல் பொதுக் கொள்முதல் சொற்பட்டியல் ஒன்றைச் சட்டமாக்கினார்கள். 2008-ல் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும், வேலைக்கும் 8 இலக்க எண். சரிபார்க்க ஒன்பதாவதாக ஓர் எண். பள்ளி மேஜை நாற்காலிக்கு 39160000-1. எந்த மொழியில் தேடினாலும் இந்த எண் மாறாது. நம்மூர் ஜி.எஸ்.டி பில்லில் இருக்கும் ஹெச்.எஸ்.என் எண்ணைப் போன்ற ஏற்பாடுதான் இது.

இங்கேயும் வேலை நடக்காமல் இல்லை. 2016 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் 'ஜெம்' இணையச் சந்தையில் பொருள்கள் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மாதிரி டெண்டர் ஆவணங்களையும் மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாடோ 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைக்குத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம்.

தமிழ்ச் சொற்களில்தான் இன்னும் இழுபறி. தமிழ்நாட்டில் 'கொள்முதல்', 'ஒப்பந்தப்புள்ளி'. இலங்கையில் 'பெறுகை', 'கேள்விப்பத்திரம்', 'விலைமனு'. நாட்டுக்கு நாடு மாறுவது இயல்பு. ஒரே மாவட்டத்தில் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுவதுதான் பிரச்னை. எது அழகான சொல் என்பது இங்கே கேள்வியே இல்லை. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பொருளை முதல் பக்கத்தில் எழுதி, எல்லா அலுவலகமும் அதையே பின்பற்றினால் போதும்.

அதுவரை, டெண்டர் போடுபவர்கள் கவனிக்க:

* பணத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். எப்போது கட்ட வேண்டும், எப்போது திரும்ப வரும் என்று பாருங்கள். கலந்துகொள்ளவே கட்டினால் முதல் வகை. ஒப்பந்தம் கிடைத்த பின் கட்டினால் இரண்டாம் வகை.

* உத்யம் பதிவுச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். மத்திய அரசின் சலுகை உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்பவர்களுக்கு இல்லை.

* சந்தேகம் இருந்தால், கேள்வி கேட்பதற்கான கடைசி நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைத்த பதில் டெண்டர் திறக்கும் நாளில் உதவிக்கு வராது.

பட்டறைக்காரருக்கு ரம்பம், உளி எல்லாம் கைவந்த கலை. அவர் தோற்பதாக இருந்தால் விலையிலோ தரத்திலோ தோற்கட்டும். ஒரு வார்த்தையில் தோற்க வேண்டாம்!