மின்பிறப்பாக்கியை அபாயமின்றி அமைத்தல்

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் இலங்கையில் மின்வெட்டு நீடித்தது. மார்ச்சு மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. மின்மோட்டரினால் கிணற்று நீர் இறைக்கும் கமக்காரருக்கு மின்பிறப்பாக்கியின் தேவை அக்காலத்தில் நன்கு புலனாயிற்று. ஆயின், அதனைத் தவறாக அமைப்போர் பயிரைக் காக்கப் போய் உயிரை இழக்க நேரும். அபாயம் இருவகைப்படும்: ஒன்று புகை, மற்றது பின்னோக்கிப் பாயும் மின்சாரம்.

புகை

மழைக்கும் கள்வருக்கும் அஞ்சி இயந்திரத்தைக் குசினியிலோ விறாந்தையிலோ வைத்து இயக்குதல் பெருந்தவறாகும். எரிபொருள் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், ஓங்காளம் என்பன முதற் குறிகளாம். உறங்குவோர் இவற்றை அறியாமலே இறத்தல் கூடும். யன்னலைத் திறந்து வைத்தல் போதாது.

ஆகவே, வீட்டின் கதவு யன்னல்களிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், மேடான சீமெந்துத் தளத்தின்மீது, பக்கங்கள் திறந்த கூரையின் கீழ் இயந்திரத்தை வைத்தல் வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருத்தல் வேண்டும். களவுக்கு அஞ்சுவோர் தளத்திற் பதித்த இரும்பு வளையத்தில் அதனைச் சங்கிலியாற் பூட்டலாம். எண்ணெயில் இயங்கும் எந்த இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்கி இயக்குதலும் இதே காரணத்தினால் ஆகாது.

பின்னோக்கிப் பாயும் மின்சாரம்

மின்பிறப்பாக்கியின் வயரைச் சுவரிலுள்ள பிளக்கிற் செருகி வீடு முழுவதற்கும் மின் கொடுத்தல் ஒருபோதும் கூடாது. அம்மின் மானியைக் கடந்து வீதிக் கம்பிக்குச் செல்லும். வீட்டுக்கு 230 வோற்றாகக் குறைத்துத் தரும் மின்மாற்றியே, திரும்பிச் செல்லும் மின்னைப் பல்லாயிரம் வோற்றாக உயர்த்திவிடும். கம்பியில் மின் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர் இதனால் உயிரிழத்தல் கூடும்.

இதனைத் தடுக்க, தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு இருவழி மாற்றுச் சுவிச்சு ஒன்றைப் பொருத்துவித்தல் வேண்டும். வீதி மின்னும் மின்பிறப்பாக்கியின் மின்னும் ஒரே வேளையில் இணைய அது இடமளியாது. புவித்தொடுப்பையும் அவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இயந்திரத்தை நிறுத்தி, அது ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்றுக. எரிபொருட் கலனை வீட்டினுள் வைக்கற்க. ஈரக் கையால் இயந்திரத்தைத் தொடற்க. புகையினால் எவருக்கேனும் மயக்கம் காணின், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும்.

வாடிய பயிர் மறுபோகத்தில் மீண்டும் தளிர்க்கும். போன உயிர் மீளாது.