தாயிடம் விடைபெறும் வேளை

நம் இல்லங்களில் வெளியே புறப்படுபவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை; ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வார். திரும்பி வராத பயணத்திற்கு நம்மிடம் பழகிய சொல் இல்லை. பெற்ற தாயிடம் ‘நன்றி’ என்று சொல்லும் வழக்கமும் நமக்கு இல்லை. ஆனால் தாய் இறுதிப் படுக்கையில் இருக்கும்போது இவ்விரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதனை நான் மருத்துவனாகக் கற்கவில்லை, மகனாகவே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. கடைசி மாதத்தை அவர் வீட்டிலேயே கழித்தார். காலையும் மாலையும் நாடித்துடிப்பைப் பார்த்தேன். சிறுநீரின் அளவைக் குறித்தேன். வலி மருந்தைக் கூட்டிக் குறைத்தேன். ஒரு மாலை, இரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றியபோது, “அதை நர்ஸ் பார்த்துக்கட்டும். நீ சும்மா உட்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு நினைவுக்கு வந்தது. விடுதி உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பேருந்தைப் பிடித்து, தூக்குவாளியில் வத்தக்குழம்புடன் வருவார். விடுதி வாயிலில் வேப்பமரத்தடியில் நின்று கொடுத்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார். உடன் படிப்பவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் ஒருமுறைகூட அவரை நான் உள்ளே அழைத்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே கிடந்ததை அன்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “குழம்பு நல்லா இருந்துச்சா? அதைச் சொல்லு” என்றார். “நல்லா இருந்துச்சும்மா” என்றேன். ஐந்து நாள்கள் கழித்து அவர் காலமானார்.

எப்போது பேசுவது?

“அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் வெளியே சென்றதும், “பிள்ளைகள் தாங்கமாட்டார்கள், தெரிந்ததாகக் காட்டாதீர்கள்” என்று தாயும் கேட்பதுண்டு. ஒருவரையொருவர் காக்க முயன்று, பேச வேண்டியதை இருவருமே பேசாமல் விட்டுவிடுகிறார்கள். இறுதி நாள்களில் உறக்கம் மிகும். தெளிவான நேரம் குறையும். ஆகவே முன்னதாகவே தொடங்குங்கள். மரணம் என்ற சொல்லை எடுக்க வேண்டியதில்லை. “மனசில் ஏதாவது சொல்லணும்னு இருக்காம்மா?” என்ற கேள்வியே போதும்.

எதைப் பேசுவது?

அமெரிக்க வலி நிவாரண ஆதரவு சிகிச்சை மருத்துவர் ஐரா பையாக், 2004-இல் வெளியான தம் நூலில் நான்கு செய்திகளை முதன்மையாகக் கொள்கிறார்: மன்னிப்புக் கேட்பது, மன்னிப்பது, நன்றி கூறுவது, அன்பைத் தெரிவிப்பது. இவற்றை நேரடியாகச் சொல்ல நாக்கு எழாவிட்டால், ஒரு நினைவைச் சொல்லுங்கள். ‘எங்களுக்காக எவ்வளவோ செய்தீர்கள்’ என்பதைவிட, அடகு வைத்த ஒரு வளையலையோ, காய்ச்சலில் விழித்திருந்த ஓர் இரவையோ குறிப்பிட்டுச் சொல்வது தாயின் மனத்தைத் தொடும். தொலைவில் உள்ள பிள்ளைகள் பேசும்போது கைப்பேசியை அவர் காதருகே பிடியுங்கள்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். உதடுகளை ஈரப்படுத்தினால் போதும். கை கால்கள் குளிரலாம்; மூச்சு இடையிடையே நின்று தொடரலாம். தொண்டையில் எழும் கரகரப்பு கேட்கும் நம்மை வருத்தும் அளவுக்குப் பெரும்பாலும் நோயாளியை வருத்துவதில்லை. வலியோ திணறலோ தெரிந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.

கண் திறக்காத நிலையிலும் பேசுவதை நிறுத்த வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இறக்கும் தறுவாயில் நினைவிழந்திருந்த நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. சொற்களின் பொருள் அவர்களுக்கு விளங்கியதா என்பதை அந்த ஆய்வால் கூற இயலவில்லை. ஆயினும் பழகிய குரல் அவர்களை எட்டக்கூடும் என்று எண்ணிப் பேசுவதே நலம்.

அந்த நொடியில் இல்லாவிட்டால்

இரவெல்லாம் விழித்திருந்து, தேநீர் வாங்கச் சென்ற பத்து நிமிடத்தில் தாயை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் தவறன்று. அதுவரை அருகில் இருந்த நாள்கள் அனைத்தும் விடைபெறுதலின் பகுதியே. அதன் பின்னரும் அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், நாங்கள் அவசரப்படுத்தமாட்டோம்.

என் தாயாரை நான் இன்றும் வார்டு வாயிலில் நினைத்துக்கொள்கிறேன். அங்கே தூக்குவாளியுடன் தயங்கி நிற்கும் தாய்மாரை உள்ளே அழைத்து, நாற்காலியில் அமரச் சொல்கிறேன். அன்று செய்யத் தவறியதை இப்படித்தான் செய்ய முடிகிறது.

உங்கள் தாய் இன்னும் உங்களோடு இருக்கிறார். இன்று மாலை அவர் படுக்கையருகே அமர்ந்து, ஏதேனும் ஒரு நினைவிலிருந்து தொடங்குங்கள்.