கறுத்துப்போன சட்டையும் இரட்டைக் குழல் டிரக்கும்!

‘‘சைக்கிள்ல லேபுக்குப் போய்க்கிட்டிருந்தேன்டா. பின்னாடி ஒரு பிக்கப் டிரக். பக்கத்துல வந்ததும் ஆக்ஸிலேட்டர்ல ஒரே மிதி! கண்ணைத் திறந்தா உலகமே கறுப்பு. அன்னிக்குன்னு பார்த்து வெள்ளைச் சட்டை வேற!’’

சொன்னவர் எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா. இப்போ டெக்சாஸில் எம்.எஸ். ‘பேர் போட்டே... ஊருக்கு வந்து உதைப்பேன்’ என்ற கண்டிஷனோடுதான் போனில் பேசினார். இந்த விளையாட்டுக்கு அங்கே ‘ரோலிங் கோல்’னு பேரே இருக்கு. டீசல் இன்ஜினுக்குத் தேவைக்கு மேல டீசலை ஊத்தி, அரைகுறையா எரியவிட்டு, கரியாகக் கக்க வைக்கிறது. பெரும்பாலும் சிக்குறது சைக்கிள்காரங்கதான்.

காமெடி என்னன்னா, அப்படிக் கரி வாங்கின அண்ணா, மறுமாசமே ஒரு பிக்கப்புக்கு இரட்டைப் புகைக்குழாய் செய்ய வெல்டிங் ராடு பிடிச்சுட்டு நின்னாராம்!

டிரக், பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையது. 1992 மாடல் டாட்ஜ், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 160 குதிரைத் திறன். தாத்தா ரிட்டயர்டு லாரி டிரைவர். பதினெட்டுச் சக்கர லாரியில் கேபினுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து நிற்குமே குரோம் குழாய்கள், அது மாதிரி தன் டிரக்குக்கும் வேணும்னு ஆசை. ‘நீ மெக்கானிக்கல்தானே? வந்து ஒரு கை பிடி’ன்னு கூப்பிட்டிருக்கார்.

லாரியில் குழாய் மேலே போறதுக்குக் காரணம் இருக்கு. கீழே டீசல் டேங்க், ஆக்ஸில்னு இடம் நெரிசல். புகையும் ரோட்டில் நிக்கிறவன் மூஞ்சிக்கு நேரா வராது. நம்ம ஊர் டிராக்டர் சைலன்ஸர் நிமிர்ந்து நிக்கிறதும் சும்மா இல்லை. காய்ஞ்ச வைக்கோல் பக்கம் சூடும் தீப்பொறியும் போகக் கூடாதே! பிக்கப்புக்கு இதெல்லாம் தேவையா? ம்ஹூம். சுத்தமா ஸ்டைல்தான்.

முதல் வாரம் அளவெடுத்து, டர்போவிலிருந்து 4 இன்ச் குழாயைப் பின்னாடி கொண்டுபோய், ‘ஒய்’ மாதிரிப் பிரிச்சு, சாமான் ஏத்துற தொட்டியின் தரையில் ரெண்டு ஓட்டை போட்டு 5 இன்ச் குழாய்களை நிமிர்த்தணும்னு பிளான். எக்ஸாஸ்ட்டுக்கான ஸ்டீல் குழாய் விலை அதிகம். தாத்தா வீட்டு ஷெட்டில் வேலி போட்ட ஜி.ஐ. பைப் மிச்சம் கிடந்தது. அண்ணா அதை எடுத்து, ஷெட்டரைச் சாத்திக்கிட்டு, மதியம் முழுக்க வெல்டிங்!

‘‘ராத்திரி குளிர் ஜுரம். பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. ஃப்ளூன்னே நினைச்சேன்.’’

ஃப்ளூ இல்லை பாஸ். ஜி.ஐ. பைப் மேல இருக்கிற துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிச்சுடும். ஸ்டீல் உருக அதைவிட ரொம்ப அதிகச் சூடு வேணும். அதனால வெல்டிங் பண்ணும்போது துத்தநாகம் வெள்ளைப் புகையா எழுந்து மூச்சோட உள்ளே போகுது. சில மணி நேரம் கழிச்சு ஜுரம் வரும். மெட்டல் ஃப்யூம் ஃபீவர்! பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாயிடும், ஆனா விளையாட்டில்லை. எங்க காலேஜ் பக்கத்து லேத் பட்டறை அண்ணன்கூட ‘ஜி.ஐ. வேலைன்னா ஒரு கிளாஸ் பால் குடிச்சிருவேன் தம்பி’ம்பார். தாத்தாவும் அதே பாலைத்தான் நீட்டியிருக்கார்! நுரையீரலுக்குப் போன புகையை வயித்துக்குப் போன பால் என்ன பண்ணும்னு நானும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.

அடுத்த வாரம் ஷெட்டரைத் திறந்துவெச்சு, பூச்சு இல்லாத ஸ்டீல் குழாயில் வேலை. முதல் ஓட்டத்திலேயே ‘டிக்’. வெல்டிங் விரிசல்! இன்ஜின் மவுண்டிங் ரப்பர் மேல உட்கார்ந்து ஆடுது. குழாய் தொட்டியோட இறுகிப்போய் நிக்குது. நடுவுல மாட்டின ஜாயின்ட் என்ன பண்ணும், பாவம்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் அண்ணா நல்ல மார்க்தான்! அப்புறம் நெளிநெளியா வளையுற ஃபிளெக்ஸ் துண்டு ஒண்ணை நடுவுல போட்டு, குழாயைச் சுத்தி வெப்பத்துக்கு இடைவெளி விட்டதும்தான் நின்னுச்சு.

பவர் ஏறுச்சான்னு கேட்டேன். ‘‘ஒரு மண்ணும் இல்லை. டர்போவுக்கு அப்புறம் குழாய் அகலமா இருந்தா கொஞ்சம் நல்லதுதான். அது உயரமா நின்னாலும் படுத்தாலும் ஒண்ணுதான்.’’

டிரெய்லரில் ஏத்திப் போகும்போது குழாய் வாயைக் கட்டணுமாம். ஓடாத இன்ஜினில் ஆயில் பிரஷர் கிடையாது. காத்து புகுந்து டர்போவைச் சுத்திவிட்டா பேரிங் காலி. அந்த டிப்ஸ் தாத்தாவோட லாரி அனுபவம்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு பேரன் வந்திருக்கான். வயசு 17. குழாயைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, ‘தாத்தா, பம்ப்ல ஃபியூல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகலாமா?’ அந்தப் பழைய பம்பில் அது ரெண்டு நிமிஷ வேலை. திருகினா கரி கொட்டும்.

அண்ணா தன் சட்டைக் கதையைச் சொல்லியிருக்கார். கூடவே இன்னொண்ணும். 2021 செப்டம்பரில், அதே டெக்சாஸில் வாலர் பக்கம், 16 வயசுப் பையன் ஓட்டின பிக்கப் 6 சைக்கிள்காரங்களை இடிச்சுது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவன் புகை விட்டு விளையாடினதா அங்கே இருந்தவங்க சொன்னாங்க.

1992 டிரக்கில் கழட்டிப்போட ஃபில்டரே கிடையாது. 2007-க்கு அப்புறம் வந்த டீசல் பிக்கப்களில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு. அதைக் கழட்டுறது அமெரிக்கச் சட்டப்படி தப்பு. ஆனாலும் பத்து வருஷத்தில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான பிக்கப்களில் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழட்டியிருக்காங்கன்னு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் ஏஜென்சி 2020-ல் கணக்குச் சொன்னது. புகை விடுறதுக்குன்னே 2015-ல் நியூ ஜெர்ஸி தனித் தடைச் சட்டம் போட்டது.

‘‘தாத்தா என்ன சொன்னார்ணா?’’

‘‘ஒண்ணும் சொல்லலடா. ஸ்பேனரை எடுத்து ஸ்க்ரூவோட லாக் நட்டை இறுக்கினார். டூல் பாக்ஸைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்.’’

மழை வந்தா தண்ணி இறங்காம இருக்க, ரெண்டு குழாய் மேலயும் காலி காபி டின்னைக் கவிழ்த்து வெச்சிருக்காராம். அந்த போட்டோவுக்குப் பதிலா, எங்க மாமா டிராக்டர் சைலன்ஸர் மேல கவிழ்த்த பெயின்ட் டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பினேன். தாத்தா கேட்டிருக்கார்... ‘இது என்ன சைஸ் டப்பா?’