தண்ணீர் ஓடும் சிப்!

சிப் என்றதும் நமக்கு இன்டெல், ஏ.எம்.டி. பிராசசர்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்குள் ஓடுவது மின்சாரம். ஆனால் தண்ணீரும் எண்ணெயும் மருந்துக் கரைசலும் ஓடுகிற சிப்களும் இருக்கின்றன. இவற்றை உருவாக்கும் துறைக்கு மைக்ரோ புளூயிடிக்ஸ் என்று பெயர். தலைமுடியின் தடிமன் அளவுள்ள, சில சமயம் அதைவிடச் சிறிய கால்வாய்களில் திரவத்தை ஓடவிட்டு, அதைப் பிரிப்பது, கலப்பது, துளித்துளியாக வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்ய வைப்பதுதான் இந்தத் துறை.

இதைப் பற்றி எழுதக் காரணம் ஒரு வாசகரின் கேள்வி. அவருடைய மகள் உயிரியல் பிரிவில் எம்.டெக். முடித்திருக்கிறார். அண்மையில் வாங்கிய கம்ப்யூட்டரில் வேலை தேடியபோது, “எக்ஸ்ரே ஆய்வுகளுக்கான மைக்ரோ புளூயிடிக் கருவிகளை உருவாக்க ஆராய்ச்சியாளர் தேவை” என்று ஒரு வெளிநாட்டு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. எக்ஸ்ரேக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம், இது நிஜ வேலையா, ஏமாற்று விளம்பரமா என்று கேட்டிருந்தார்.

அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெஸி ஆய்வு மையம், அதன் அருகிலேயே உள்ள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் மையம், அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுக்கூடம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இந்த வேலையில் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். ஆனால் கண்ணில் படும் ஒவ்வொரு விளம்பரமும் உண்மை என்று சொல்ல மாட்டேன். மெயிலில் வந்த லிங்க்கைக் கிளிக் செய்யாமல், அந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டை நீங்களே தேடித் திறந்து, அங்கே அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், விசா டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அந்த மெயிலை உடனே டெலிட் செய்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால், உங்களிடம் ஏற்கனவே ஒரு மைக்ரோ புளூயிடிக் கருவி இருக்கிறது! மை வெளியே வரும் பிரிண்ட் ஹெட்டில் வரிசையாக மிகச் சிறிய துளைகள் உள்ளன. சில பிரிண்டர்களில் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கும். அது ஒரு கணம் சூடாகி நீராவிக் குமிழை உண்டாக்க, குமிழ் மையை வெளியே தள்ளும். வேறு சிலவற்றில் மின்சாரம் பட்டால் வளையும் பீங்கான் தகடு அந்த வேலையைச் செய்கிறது. எந்த வகையானாலும் வெளிவரும் துளியின் அளவு சில பிகோ லிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு, ஒரு பிகோ லிட்டர்.

பிரிண்டரைச் சில வாரங்கள் சும்மா வைத்திருந்தால் மை உலர்ந்து துளை அடைத்துக்கொள்ளும், பிரிண்டில் வெள்ளைக் கோடுகள் விழும். (வாரம் ஒரு முறை ஒரு கலர் பக்கமாவது பிரிண்ட் எடுங்கள்.) இந்த அடைப்புத் தொல்லை எக்ஸ்ரே விஞ்ஞானிகளுக்கும் உண்டு. என்ன, அவர்களுக்கு அது பல மாத உழைப்பை வீணாக்கிவிடும்.

அது எப்படி? நம் உடலிலும் கிருமிகளிலும் வேலை செய்யும் புரோட்டின்களின் வடிவத்தை அறிய எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். ஒரே ஒரு மூலக்கூறிலிருந்து சிதறும் எக்ஸ்ரே மிக மிகக் குறைவு என்பதால், கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சர்க்கரைப் படிகம் போல ஒழுங்காக அடுக்கி, அந்தப் படிகத்தின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுவார்கள். ஆனால் எக்ஸ்ரேயே படிகத்தைச் சிதைத்துவிடும். இதற்கு 2000ம் ஆண்டில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வழி சொன்னார்கள். எக்ஸ்ரே துடிப்பு போதுமான அளவு குறுகியதாக இருந்தால், படிகம் சிதறுவதற்குள் படம் பதிவாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

எவ்வளவு குறுகிய துடிப்பு தெரியுமா? சில பத்து பெம்டோ செகண்டுகள். ஒரு செகண்டில் 3 லட்சம் கிலோ மீட்டர் பாயும் ஒளி, 50 பெம்டோ செகண்டில் 15 மைக்ரான் தூரம்தான் போகும். அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இத்தகைய துடிப்பைத் தரும் எல்.சி.எல்.எஸ். என்னும் எக்ஸ்ரே லேசர் 2009ல் ஸ்லாக்கில் இயங்கத் தொடங்கியது. 2011ல் ஹென்றி சாப்மன் தலைமையிலான குழு, தாவரங்களும் நீலப்பச்சைப் பாசிகளும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் ஒரு புரோட்டினை இந்த முறையில் படம் பிடித்துக் காட்டியது.

ஒவ்வொரு துடிப்பும் ஒரு படிகத்தைச் சிதறடித்துவிடுவதால், அடுத்த துடிப்புக்குப் புதுப் படிகம் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். கையால் வைக்க முடியுமா? இங்கேதான் தண்ணீர் வருகிறது. படிகங்களைக் கரைசலில் மிதக்க விட்டு, நுண்ணிய நாசில் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். சுற்றிலும் ஹீலியம் வாயுவை ஓடவிட்டால், அது திரவத்தை நெருக்கிச் சில மைக்ரான் தடிமனுள்ள தாரையாக்கிவிடும். நாசில் துளை தாரையைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால் அடைப்பும் குறையும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

ஆனால் வீணாவதைப் பாருங்கள். தாரை செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், எல்.சி.எல்.எஸ். செகண்டுக்கு 120 துடிப்பு தருவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 8 சென்டிமீட்டருக்கும் அதிகமான தாரை ஓடிப் போய்விடும். அதில் எக்ஸ்ரே தொடுவது சுமார் 5 மைக்ரான் நீளம் என்றால், 16,000 பங்கில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. மீதி அப்படியே சாக்கடைக்கு! ஒரு சிறு குப்பிப் படிகத்தைத் தயாரிக்க மாதக்கணக்காகலாம். லேசரைப் பயன்படுத்தக் கிடைப்பதோ சில நாட்கள்தான். அதையும் பல குழுக்களோடு போட்டியிட்டு வாங்க வேண்டும். நடு இரவில் நாசில் அடைத்துக்கொண்டாலும், படிகம் தீர்ந்து போனாலும், போன நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஆகவே கரைசலைச் சிக்கனமாக, நேரம் பார்த்து அனுப்பும் கருவி வேண்டும். அதைச் செய்வதுதான் அந்த விளம்பரத்தில் சொன்ன வேலை. ஹாம்பர்க் மையம் 2017ல் விஞ்ஞானிகளுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு செகண்டில் 27,000 துடிப்புகள் வரை வரும். ஆனால் சீராக வராது. 10 கொத்துகளாக வரும், ஒவ்வொரு கொத்தும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகவே நீடிக்கும். மற்ற நேரமெல்லாம் எக்ஸ்ரே கிடையாது. அந்த இடைவெளியில் ஏன் விலை உயர்ந்த படிகத்தை ஓட்ட வேண்டும்? எண்ணெயை ஓட்டலாமே! அரிசோனாவில் அலெக்சாண்டிரா ராஸ் குழுவினர் செய்தது இதுதான். சிறு சந்திப்பில் எண்ணெய் ஓட்டத்தால் கரைசலைத் துளிகளாக வெட்டி, அந்தத் துளிகளை எக்ஸ்ரே கொத்தின் நேரத்தோடு பொருத்தினார்கள். 2020ல் இதன் முடிவுகள் வெளியாயின.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொத்துக்குள் அடுத்தடுத்த துடிப்புகள் ஒரு மைக்ரோ செகண்டுக்குள்கூட வந்துவிடும். முதல் துடிப்பு தாரையை வெடிக்கச் செய்து அதில் ஓர் இடைவெளியை உண்டாக்கும். அந்த இடைவெளி நகர்ந்து போகுமுன் அடுத்த துடிப்பு வந்தால் படமெடுக்க எதுவும் இருக்காது. எனவே தாரை செகண்டுக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோ மீட்டர் வேகத்தை எட்ட வேண்டியிருக்கிறது. இதற்கான நாசில்களை மைக்ரான் துல்லியமுள்ள 3டி பிரிண்டர்களில் அச்சிடுகிறார்கள்.

சிப்பை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் கம்ப்யூட்டரில் கேட் சாப்ட்வேர் கொண்டு கால்வாய்களை வரைய வேண்டும். 1990களின் இறுதியில் ஹார்வர்டின் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழு, அந்தப் படத்தை ஆப்செட் அச்சகங்களுக்கு எடுப்பது போன்ற உயர் தெளிவுப் பிலிமில் அச்சிட்டுப் பயன்படுத்தியது. நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் எடுத்த பிலிமை நினைத்துக்கொள்ளுங்கள். 1,200 டி.பி.ஐ. பிரிண்டரில் ஒரு புள்ளிக்குச் சுமார் 21 மைக்ரான் இடம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். பிலிமின் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சி ஓர் அச்சு தயாரித்து, அதன் மேல் சிலிகான் ரப்பர் கூழை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்துக் கண்ணாடியில் ஒட்டினால் சிப் தயார்.

ஆனால் எக்ஸ்ரே வேலைக்கு இந்த ரப்பர் அவ்வளவாகச் சரிப்படாது. மில்லி மீட்டர் கணக்கில் தடித்தால் அது எக்ஸ்ரேயை விழுங்கிவிடும், சிதறடித்துப் படத்தையும் மங்கலாக்கும். அதனால் எக்ஸ்ரே புகும் இடத்தில் மட்டும் காப்டன் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைக்கிறார்கள். சில கருவிகளில் தாரையை வெட்டவெளியில் பீய்ச்சிவிடுகிறார்கள். சுவரே இல்லை!

மருந்து வேலை செய்யும்போதே படம் பிடிப்பது இதில் மிகச் சுவையான பகுதி. காசநோய்க் கிருமியிடம் ஒரு நொதி உள்ளது. பெனிசிலின் வகை மருந்துகளை அது உடைத்துவிடும். அந்த நொதியின் படிகங்களையும், நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஊசியாகப் போடும் செப்டிரியாக்சோன் மருந்தையும் இரு குழாய்களில் கொண்டுவந்து, கலந்த உடனே எக்ஸ்ரேயில் காட்டினார்கள். கலந்து 30 மில்லி செகண்டிலிருந்து 2 செகண்ட் வரை வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களில், மருந்து நொதியில் பிணைந்து உடைபடுவது தெரிந்தது. மில்வாக்கியைச் சேர்ந்த மாரியஸ் ஷ்மிட் குழுவினரும் கூட்டாளிகளும் 2018ல் இதை வெளியிட்டார்கள். நொதி எந்தக் கட்டத்தில் மருந்தை உடைக்கிறது என்று தெரிந்தால், உடைபடாத மருந்தை வடிவமைக்கலாம்.

இதில் கலக்குவதே பெரிய வேலை. நுண்கால்வாயில் தண்ணீர் சுழலாது. இரு திரவங்கள் ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் அமைதியாக ஓடும். மூலக்கூறுகள் தாமாகப் பரவித்தான் கலக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் பரவும் நேரம் நான்கு மடங்காகும். 10 மைக்ரானுக்கு ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்றால், ஒரு மைக்ரானுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதனால்தான் படிகமும் தாரையும் இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டியிருக்கிறது.

வாசகரின் மகளுக்கு ஒரு தகவல். இந்த வேலையில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர்தான் என்பது என் கணிப்பு. கேட் வரைபடம், ஓட்டத்தை முன்கூட்டியே கணக்கிடும் சிமுலேஷன், பம்ப்புகளை இயக்கும் பைத்தான் புரோகிராம், பிறகு டேட்டா. ஹாம்பர்க்கில் உள்ள ஒரு டிடெக்டர் செகண்டுக்கு 3,520 படம் எடுக்கும், ஒவ்வொன்றும் சுமார் 10 லட்சம் பிக்ஸல். பிக்ஸலுக்கு 2 பைட் என்றாலும் செகண்டுக்கு 7 ஜி.பி.க்கு மேல் ஆகிறது. அதாவது ஒரு செகண்டில் ஒன்றரை டிவிடி! 2011 சோதனையில் 30 லட்சம் படங்களுக்கு மேல் எடுத்து, அவற்றில் சுமார் 15,000 படங்களைத்தான் பயன்படுத்த முடிந்தது. அந்தச் சல்லடை வேலையைச் செய்வது புரோகிராம்களே. டெஸியில் உருவான கிரிஸ்ட்எஃப்இஎல் என்ற சாப்ட்வேரை இலவசமாகவே டவுன்லோட் செய்யலாம். ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் சாப்ட்வேரும் இலவசம். பழகிப் பார்க்க லினக்ஸ் போதும்.

சாப்ட்வேர் எதுவும் வேண்டாம், சும்மா பார்க்க வேண்டும் என்பவர்கள் கூகுளில் ‘புரோட்டின் டேட்டா பேங்க்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். 1971ல் தொடங்கிய இந்தச் சேமிப்பில் இப்போது 2 லட்சத்துக்கும் அதிகமான வடிவங்கள் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஏதாவது ஒரு புரோட்டினைத் திறந்து, முப்பரிமாணப் படத்துக்கான இடத்தில் கிளிக் செய்தால் பிரவுசரிலேயே படம் வரும். மவுஸின் இடது பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் மூலக்கூறு திரும்பும், சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் படம் வரச் சற்று நேரம் ஆகலாம்.

அதே பக்கத்தில் வடிவத்தின் தரத்தைச் சொல்லும் பட்டைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ‘ராமச்சந்திரன்’ என்ற பெயரைக் காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1963ல் வெளியிட்ட கணக்கு அது. எக்ஸ்ரே லேசரில் எடுத்த புரோட்டின் வடிவமும் இன்று அந்தக் கணக்கோடு ஒத்துப்பார்க்கப்பட்டே டேட்டா பேங்கில் சேர்கிறது.