எண்ணெய் முதலில், தண்ணீர் பிறகு

இடுப்பைத் தொடும் பின்னல் உள்ள பெண்ணின் முடிநுனிக்கு ஏறக்குறைய ஆறு வயது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், 70 செ.மீ. சேர 70 மாதம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறவர் என்றால் அந்த நுனி இதுவரை 600 தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கும். அத்தனை தடவையும் சீப்பு அதன்மேல் ஓடியிருக்கும். 600 தடவை துவைத்த வேட்டியை நினைத்துக்கொண்டால், நுனி ஏன் பிளக்கிறது என்று கேட்கவே தோன்றாது.

முடிக்கு உயிர் இருப்பது மண்டைத்தோலுக்குள்ளே, வேர்ப்பையில் மட்டும். தோலைத் தாண்டி வெளியே வந்ததெல்லாம் கெரட்டின் என்ற புரதத்தாலான நார். அதற்கு ரத்த ஓட்டமும் கிடையாது, பசியும் கிடையாது. 'முடிக்கு ஊட்டம்' என்று பாட்டிலில் ஒட்டி விற்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்வதில்லை. நாரின் தேய்மானத்தைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். இயற்கைமுறை முடி பராமரிப்பில் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது இந்தத் தள்ளிப்போடும் வேலையில்தான் இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பழக்கங்களை இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் சில தேறுகின்றன, சில தேறவில்லை.

முழு மதிப்பெண் வாங்குவது எண்ணெய் வைக்கும் நேரம். "எண்ணெ வைக்காம தலையில வெள்ளம் விடப்பிடாது, மக்களே" என்பது இந்தப் பக்கத்து ஆச்சிமார் பேச்சு (இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்). ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் குளியல் என்றால் நல்லெண்ணெய். இந்தப் பக்கம் தேங்காய் எண்ணெய்தான். 1956இல் தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண். போதாததற்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஈத்தாமொழி நெட்டைத் தென்னை விளையும் மண். வேறு எண்ணெயைத் தேட வேண்டிய அவசியமே இங்கு வரவில்லை. அது தற்செயலாக அமைந்த அதிர்ஷ்டம் என்பதுதான் சுவாரசியம்.

முடியின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போல் செதில்களால் ஆனது. உள்ளே இருக்கும் புறணியில் கெரட்டின் இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. முடி நன்றாக நனைந்தால் நீளம் ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். ஆனால் அதன் விட்டம் 15 சதவீதம் வரை உப்பிவிடும். செதில்கள் தூக்கிக்கொள்ளும். காய்ந்ததும் சுருங்கிப் படியும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கியே செதில்களின் பிடி தளர்கிறது. ஈரத்தில் சீப்பு போட்டால் தூக்கி நிற்கும் செதில் பெயர்ந்து, உள்ளிருக்கும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. ஆகவே முடிக்கு வரும் பெரிய சேதம் வெயிலிலும் தூசியிலும் மட்டும் இல்லை, குளியலறையிலும் நடக்கிறது.

2003இல் ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மொகிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி, கழுவி, சீவி, எவ்வளவு புரதம் கழன்று வருகிறது என்று அளந்தார்கள். குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் புரத இழப்பைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. காரணம் அதில் ஏறக்குறைய பாதி இருக்கும் லாரிக் அமிலம். 12 கரிம அணுக்கள் கொண்ட, கிளையில்லாத, நேரான சின்னச் சங்கிலி அது. செதில் இடுக்கு வழியாகப் புறணிக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே எண்ணெய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீருக்கு இடம் குறைவு, உப்பலும் குறைவு. உள்ளே நுழைவது உண்மைதானா என்பதை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள நெசவு ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து 2001இலேயே நிறமாலைக் கருவி வைத்துப் பார்த்திருந்தார்கள். கனிம எண்ணெய் மேலோடு நின்றுவிட்டது. சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்பமிலங்கள் இரட்டைப் பிணைப்பால் வளைந்தவை, நுழைவது கடினம். நல்லெண்ணெய் அந்தச் சோதனையில் இல்லை, ஆனால் கொழுப்பமில அமைப்பில் அது சூரியகாந்தியின் பக்கம்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரேலேயும் மொகிலேயும் வேலை பார்த்தது மாரிக்கோ நிறுவனத்தில். பாரசூட் தேங்காய் எண்ணெய் விற்கிற அதே மாரிக்கோ. ஆய்வைத் தூக்கிப்போட இது காரணமாகாது, அளவுகோலும் வேதியியலும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவர்கள் அளந்தது முடி சேதமாவதை மட்டுமே. முடி வளர்வதை அளக்கவில்லை. கடைவீதிக்கு வரும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

ஈரக்காற்று விஷயத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனையும் மாவட்டம் இது. போதாததற்குத் தெற்கே கடல். மழைக்காலத்தில் சுருள்முடிக்காரர்களின் தலை காலையில் ஓர் உருவம், மத்தியானம் வேறு உருவம் எடுப்பதற்குக் காரணம், கெரட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விடும், காய்ந்தால் புது இடத்தில் பிடிக்கும். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப முடி இவ்வளவு ஒழுங்காக நீண்டு சுருங்குவதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்தின் ஹொராஸ் பெனடிக்ட் டி சோசூர் 1783இல் மனித முடியை வைத்தே ஈரமானியைச் செய்தார். வானிலை நிலையங்களில் அந்த வகைக் கருவி இருபதாம் நூற்றாண்டிலும் ஓடியது. கருவியில் மாட்டும் முன் அவர் முடியைக் காரக் கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையை முழுக்க எடுத்தார். பசை இருந்தால் முடி ஈரத்தைச் சரியாகக் காட்டாது. நம் ஆச்சி செய்வது நேர் எதிர்வேலை. காற்றின் ஈரத்தைக் காட்டாத முடிதானே நமக்கு வேண்டும்!

சுருள்முடிக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதும் அதன் வடிவத்தால்தான். வளைந்த வேர்ப்பையிலிருந்து வருவதால் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும். மண்டைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி இறங்கிவிடும். சுருளில் திருப்பத்துக்குத் திருப்பம் நின்றுவிடும். அதனால் வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி. ஒவ்வொரு திருப்பமும் முறியக்கூடிய இடமும் கூட. இது குறை இல்லை. டினா லசிசி, நீனா ஜப்லோன்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2023இல் சூடேற்றிய பொம்மைத் தலைக்கு விதவிதமான விக் வைத்து வெயில் விளக்கைக் காட்டியது. நெருக்கமான சுருள்முடிதான் தலைக்குள் சூட்டை மிகக் குறைவாக விட்டது. சுருளை நெளிய விடாமல் இழுத்துச் சீவி எண்ணெய் வைத்துப் படியவைப்பதுதான் அழகு என்று பள்ளிக்கூடங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இந்த வெயில் ஊரில்தான்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சுருள்முடிக்கென்று வேலை பார்க்கும் அழகுக்கலைஞர்கள் இப்போது தலைகாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வேலையில் கத்திரியைவிட விரல்களுக்குத்தான் அதிக வேலை. வந்தவரிடம் முதலில் கேட்பது, வீட்டில் கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று. கடலோரக் கிணற்றில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அவை முடியில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக்கும். சோப்பு சேர்ந்தால் கரையாத படலமாகவே படியும். அப்புறம்தான் முடியை நான்கு பகுதியாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே, விரலாலேயே சிக்கெடுப்பது. நேர்முடியை ஈரத்தில் சீவக்கூடாது. சுருள்முடியையோ காய்ந்த நிலையில் சீவக்கூடாது, வழுவழுப்பான எதையாவது பூசி ஈரத்தில்தான் பிரிக்க வேண்டும். வெட்டுவது மட்டும் காய்ந்த முடியில். ஈரத்தில் நீண்டு தொங்கும் சுருளை அளந்து வெட்டினால் காய்ந்ததும் இரண்டு விரல் மேலே ஏறி நிற்கும்.

அந்த வழுவழுப்புக்குத்தான் தாளி என்னும் இலைக்கூழ். செம்பரத்தி இலையைத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கூழ் போலப் பச்சையாக வரும். துணியில் வடிகட்டித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலைத்துணுக்கு பொறுக்கியே பொழுது போய்விடும். அந்தக் கூழ் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். முடிக்கும் முடிக்கும் நடுவில் நின்று உரசலைக் குறைக்கின்றன. கடையில் விற்கும் கண்டிஷனரில் உள்ள நேர்மின் மூலக்கூறுகள் முடியிலேயே ஒட்டிக்கொள்பவை, அலசினாலும் மிச்சம் நிற்கும். தாளி அலசினால் போய்விடும். எனவே சிக்கெடுக்கும் வேலையைத் தாளி தலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சீயக்காயின் நுரை சபோனினால் வருவது. சோப்பு போலக் காரமாக இல்லாததால் செதில்களை அவ்வளவு தூக்காது. ஆனால் கரகரப்பான தூளை அப்படியே போட்டுத் தேய்ப்பது செதிலுக்கு உப்புத்தாள். ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர்தான் நல்லது.

காய்ச்சிய எண்ணெய்க்கு இங்கே தனி மரியாதை. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பரத்தி என்று அரைத்த விழுதைத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் வைக்கிறார்கள். சலசலவென்று கொதிப்பது எண்ணெய் இல்லை, இலையில் உள்ள தண்ணீர். அது இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்த அந்த நிமிடம் சூடு சட்டென்று ஏறும். கண்ணை எடுத்தால் கருகிவிடும். அதற்காகத்தான் பதம் பார்ப்பது. அடியில் உள்ள கசண்டை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள்வது மெழுகு பதம். உதிர்ந்தால் மணல் பதம். உருட்டியதைத் திரியாக்கித் தீயில் காட்டினால் படபடவென்று சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் தண்ணீர் பாக்கி இருக்கிறது, எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துப்போகும். வெப்பமானி இல்லாமல் இவ்வளவு துல்லியமாக ஈரம் அளக்கும் சோதனை வேறு எந்தச் சமையலறையில் இருக்கிறது என்று தெரியவில்லை.

இவ்வளவு பக்குவத்துக்குப் பிறகும் அந்த எண்ணெய் முடியை வளர்க்குமா என்று கேட்டால், எலிகளில் நடந்த சில சோதனைகள் தவிர மனிதரில் வலுவான சான்று இல்லை. பிறகு ஏன் ஊரே சாட்சி சொல்கிறது? பிரசவத்துக்குப் பிறகோ கடும் காய்ச்சலுக்குப் பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பதறிப்போய் எண்ணெய் காய்ச்சுவார்கள். ஓய்வுக்குப் போன வேர்கள் அதற்குள் தாமாகவே வேலைக்குத் திரும்பியிருக்கும். பெயர் எண்ணெய்க்கு. தினம் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் வழக்கம். அதற்கு மேல் நீடித்து உதிர்ந்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். பொடுகு இருப்பவர் மண்டையில் எண்ணெயைப் பூசி ஊறவைப்பதும் தேறாத பழக்கம். பொடுகோடு தொடர்புடைய மலசேசியா பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. அவர்கள் எண்ணெயை முடியின் நீளத்தில் தடவிக்கொண்டு மண்டையை விட்டுவிடலாம்.

முடி வேலையைச் சாதியோடு கட்டிவைத்து, செய்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய ஊர்கள் இவை. இப்போது அதே வேலைக்குக் கண்ணாடிக் கதவும் முன்பதிவும் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் வருமானம் தாளியில் இல்லை, முடியை நேராக்குவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்காமல் இயல்பாக வைத்திருக்கவும் பின்னவும் சண்டையே போட்டார்கள். டாலஸ் நகரில் இயற்கை முடி பின்னும் ஐசிஸ் பிரான்ட்லியை 1997இல் உரிமம் இல்லை என்று கைது செய்தார்கள். பின்னல் மட்டும் கற்றுத்தரும் அவருடைய பள்ளிக்கு முடிதிருத்தும் நாற்காலிகளும் கழுவுதொட்டிகளும் கட்டாயம் என்ற டெக்சாஸ் விதியை 2015இல் நீதிமன்றம் தள்ளியது. வேலையிடத்தில் இயற்கையான முடியமைப்புக்காக ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2019இல் கொண்டுவந்தது.

அங்கே அந்தச் சண்டைக்கு உடல்நலக் காரணமும் சேர்ந்துகொண்டது. 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. முடி நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. தொடர்புதான் தெரிகிறது, காரணம் உறுதியாகவில்லை. 'கெரட்டின் சிகிச்சை' என்ற பெயரில் வரும் பூச்சுகள் பலவற்றில், சூடான இஸ்திரி பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று மாற்றாக வந்த சில பூச்சுகளில் கிளையாக்சிலிக் அமிலம். 2020, 2021, 2022 என மூன்று முறை முடி நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். மண்டைத்தோல் வழியாக உள்ளே போன அமிலம் ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எலியில் செய்து பார்த்தபோதும் அப்படித்தான் ஆனது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நேராக்கிக்கொள்ளப் போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூச்சின் டப்பாவை வாங்கி, உட்பொருள் பட்டியலில் ஃபார்மால்டிஹைடு, கிளையாக்சிலிக் அமிலம் இரண்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தாலும், பட்டியலே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. இஸ்திரி முடியில் பட்டதும் கண் எரிந்தால் பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கு வருஷத்தில் ஒரு நாள் புகை. இஸ்திரி பிடித்து நிற்கும் பெண்ணுக்கு, ஏசிக்காகச் சன்னலைச் சாத்திய அதே அறையில், முகூர்த்த மாதம் முழுக்க அந்தப் புகைதான்.